ஸ்கேனுக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவே: ஏஐயை எந்த இடத்தில் வைப்பது?

கதிரியல் துறைக்கு ஏஐ வாங்கலாம் என்று தீர்மானித்ததும், எந்த மென்பொருள் துல்லியமானது என்பதற்குப் பேச்சு தாவிவிடுகிறது. விற்பனையாளர்கள் 0.96, 0.98 என்று எண்களைக் காட்டுவார்கள் (1 என்றால் பிழையே இல்லை). யாருடைய எண் பெரியதோ அவருக்கு ஆர்டர் போகும். இந்த வரிசை தலைகீழானது. நோயாளி கடந்துபோகும் பாதையில் அந்த மென்பொருள் எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும். தலை சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவைக் கண்டுபிடிக்கும் ஒரே மென்பொருளை, காத்திருக்கும் கேஸ்களின் வரிசையை மாற்றவும் வைக்கலாம். மருத்துவர் பார்த்து முடித்த பிறகு சரிபார்க்கவும் வைக்கலாம். துல்லியம் இரண்டிலும் ஒன்றுதான். நோயாளிக்குக் கிடைக்கும் பலனும், தவறினால் வரும் ஆபத்தும் வேறு வேறு.

வைக்கக்கூடிய இடங்கள் நான்கு. ஸ்கேனருக்குள்ளேயே படத்தைத் தெளிவாக்குவது ஒன்று. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் ஒர்க்லிஸ்டில் அவசரமானதை முன்னே தள்ளுவது இரண்டாவது. கதிரியல் மருத்துவரின் பக்கத்தில் இன்னொரு கண்ணாக இருப்பது மூன்றாவது. மருத்துவர் பார்க்காமலேயே முடிவு சொல்வது நான்காவது. இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் துறையின் கடிகாரம் சொல்லிவிடும்.

கடிகாரத்தைப் படிப்பது

கடந்த மாதத்திலிருந்து தொடர்ச்சியாக 200 கேஸ்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு நேரங்களைக் குறியுங்கள்: ஸ்கேன் எழுதிக்கொடுத்தது, ஸ்கேன் தொடங்கியது, கடைசிப் படம் பேக்ஸுக்கு (படங்களைச் சேமித்துக் காட்டும் கணினி அமைப்பு) வந்து சேர்ந்தது, கதிரியல் மருத்துவர் அதைத் திறந்தது, ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டது, சிகிச்சை தரும் மருத்துவர் அதைப் படித்தது. முதல் ஐந்தும் கணினிப் பதிவிலேயே கிடைக்கும். ஆறாவதை வார்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தொல்லையாக இருக்கிறது என்று அதை விட்டுவிடாதீர்கள். சராசரியை மட்டும் பார்த்தாலும் போதாது. பத்தில் ஒருவர் எவ்வளவு மோசமாகக் காத்திருந்தார் என்று தனியே பாருங்கள், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படம் பேக்ஸுக்கு வந்ததிலிருந்து திறக்கும்வரை 90 நிமிடம் போகிறது, திறந்த பிறகு 6 நிமிடத்தில் ரிப்போர்ட் முடிகிறது என்றால், வரிசையை மாற்றும் ஏஐ உதவும். எழுதிக்கொடுத்ததிலிருந்து ஸ்கேன் தொடங்கும்வரை 18 நாள் என்றால் நெருக்கடி ஸ்கேனரில் இருக்கிறது. படத்தை வேகமாக உருவாக்கும் மென்பொருளைத்தான் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் நேரத்துக்கு வருகிறது, ஆனால் தவறவிட்டதாகப் பின்னால் தெரியவரும் கேஸ்கள் அதிகம் என்றால் இரண்டாவது கண் தேவை. கையெழுத்திட்டதிலிருந்து வார்டில் படிக்கும்வரை மூன்று மணி நேரம் போகிறதென்றால் இந்த நான்கில் எதுவுமே வேண்டாம். அவசர ரிப்போர்ட்டைத் தொலைபேசியில் சொல்வதற்கு ஒரு கட்டாய விதிமுறை போதும். பணம் கொடுத்து ஏஐ வாங்கியும் பலன் தெரியவில்லை என்று புலம்பும் இடங்களில் பலவற்றில் இதுதான் நடந்திருக்கும்.

வரிசையை மாற்றும் ஏஐ

இதன் கணக்கு எளிமையானது. ஒர்க்லிஸ்டில் 12 கேஸ்கள் நிற்கின்றன, ஒன்றுக்கு 7 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூளை ரத்தக்கசிவு உள்ளவர் பதினோராவதாக இருந்தால் அவர் படம் திறக்கப்பட 70 நிமிடம் ஆகும். மென்பொருள் அவரை முன்னே கொண்டுவந்தால் அந்த 70 நிமிடத்தில் பெரும்பகுதி மிச்சம். அதே மென்பொருளை எப்போதும் இரண்டு கேஸ் மட்டுமே காத்திருக்கும் துறையில் வைத்தால் மிச்சமாவது அதிகபட்சம் 7 நிமிடம். படத்தை ஏஐக்கு அனுப்பி, அது கணக்கிட்டு, பதில் வந்து சேரவே 4, 5 நிமிடம் போய்விடும். நீளமான வரிசை இல்லாத இடத்தில் வரிசையை மாற்றி என்ன பயன்?

அடுத்தது பொய் எச்சரிக்கை. இங்கேதான் விளம்பர எண்கள் ஏமாற்றுகின்றன. ஒரு மென்பொருள் கசிவு உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, கசிவு இல்லாதவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். அவசரப் பிரிவிலிருந்து வரும் 1,000 தலை சிடிகளில் 100 பேருக்குக் கசிவு இருந்தால், 90 பேரைப் பிடிக்கும். மீதி 900 பேரில் 45 பேருக்குப் பொய்யாக மணி அடிக்கும். மணி அடித்த 135 பேரில் 90 பேருக்கு உண்மை, அதாவது மூன்றில் இரண்டு. மருத்துவர்கள் அதை மதிப்பார்கள். இதே மென்பொருளை வெளிநோயாளிகளின் தலைவலி சிடிகளுக்குப் போடுங்கள். அங்கே 1,000 பேரில் 10 பேருக்குத்தான் கசிவு என்றால் 9 பேரைப் பிடிக்கும், 990 பேரில் ஏறக்குறைய 50 பேருக்குப் பொய்யாக அடிக்கும். ஏழு முறை அடித்தால் ஒரு முறைதான் உண்மையாக இருக்கும் நிலை. இரண்டே வாரத்தில் அந்தச் சிவப்புக் குறியை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். பிறகு உண்மையான கசிவுக்கு அடித்தாலும் அதே அலட்சியம்தான். மென்பொருளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை; தவறான வாசலில் நிறுத்தியதுதான் பிழை.

பொய் மணி எதற்கெல்லாம் அடிக்கும் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. மண்டைக்குள் கோராய்டு பிளெக்ஸஸ், பேசல் கேங்கிலியா, ஃபால்க்ஸ் ஆகிய பகுதிகளில் படிந்த கால்சியம் வெள்ளையாகத் தெரியும், ரத்தமும் வெள்ளைதான். தலை அசைந்த படம், மண்டையோட்டின் அடிப்பகுதியில் வரும் கோடுகள், அறுவை சிகிச்சை முடிந்த தலை ஆகியவையும் குழப்பும். மறுபக்கம், அது தவறவிடுவது பெரும்பாலும் மெல்லிய கசிவுகளை: டென்டோரியம் என்ற உள்ளுறையை ஒட்டிய சப்டியூரல் (மூளையின் வெளி உறைக்கு அடியில் தேங்கும் ரத்தம்), மூளைத் திசுவின் நிறத்துக்கே வந்துவிட்ட சில வாரப் பழைய சப்டியூரல், மடிப்புகளுக்குள் லேசாகப் படிந்த சப்அரக்னாய்டு ரத்தம். முதியவர் லேசாக விழுந்து அடிபட்டு மூன்று வாரம் கழித்து வரும் கேஸ் இந்த இரண்டாவது வகைதான்.

தவறவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. வந்த வரிசைப்படி பார்க்கும் துறையில், மென்பொருள் பிடிக்காத கசிவும் தன் முறை வரும்போது பார்க்கப்படும். வரிசையை மாற்றும் துறையில் மணி அடித்த ஒவ்வொரு கேஸும் அதை முந்திச் செல்லும். ஆகவே தவறவிடப்பட்டவர் முன்பைவிட அதிக நேரம் காத்திருப்பார். இதற்கு ஒரே பாதுகாப்பு கால வரம்பு: மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும், அவசரப் பிரிவின் எந்தத் தலை சிடியும் 60 நிமிடத்துக்கு மேல் திறக்கப்படாமல் இருக்கக் கூடாது என்று ஒர்க்லிஸ்டிலேயே விதி போட்டுவிடுங்கள். இந்த வசதி இல்லாத ஒர்க்லிஸ்டில் இந்த வகை ஏஐயை மாட்ட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பக்கவாதம் இதில் தனி ரகம். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன என்று 2006-ல் வெளியான கணக்கீடு சொல்கிறது. இந்த அடைப்பை, ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோவில் சந்தேகித்து எச்சரிக்கும் மென்பொருளுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2018 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. அதன் பலன் ஒர்க்லிஸ்டில் இடம் மாற்றுவதோடு நிற்பதில்லை. ரிப்போர்ட் எழுதப்படும் அதே நேரத்தில், அடைப்பை நீக்கும் குழுவின் கைப்பேசிக்கு நேரடியாகச் செய்தி போவதுதான் அதன் பெரிய உதவி. செய்தி போகும் ஆள் இரவில் யார், அவர் எத்தனை நிமிடத்தில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்து யார் என்பதை எழுதி ஒட்டாமல் இதை வாங்கினால், எடுக்க ஆளில்லாத வீட்டுத் தொலைபேசிபோல அது அடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று: வரிசைப்படுத்த மட்டும் அனுமதி பெற்ற மென்பொருளை நோயறியும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது. அதன் சான்றிதழில் பயன்பாட்டு நோக்கம் என்று எழுதியிருக்கும் பத்தியை வாங்குவதற்கு முன்பே வரி வரியாகப் படியுங்கள். வயது வரம்பும் அங்கேதான் இருக்கும். பெரியவர்களுக்கு மட்டும் அனுமதி பெற்றவை ஏராளம், குழந்தைகளின் படங்களும் அதே குழாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்.

பக்கத்தில் உட்காரும் இரண்டாவது கண்

இந்த எண்ணம் புதிதல்ல. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) சந்தேக இடங்களைக் குறித்துக்காட்டும் கணினி உதவிக்கு எஃப்டிஏ 1998-லேயே அனுமதி தந்தது. ஆண்டுக்கணக்கில் அது எங்கும் பரவியது. 6 லட்சத்துக்கும் அதிகமான மேமோகிராம்களை அலசி 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, அந்த உதவியோடு படித்தவர்களின் துல்லியம் உதவி இல்லாமல் படித்தவர்களைவிடக் கூடவில்லை என்று காட்டியது. ஒவ்வொரு படத்திலும் பொய்க் குறிகள் குவிந்ததால் மருத்துவர்கள் குறிகளைப் பார்க்காமலே தாண்டிப்போகப் பழகிவிட்டார்கள். இந்தப் பழைய பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் புதியதைப் பார்க்க வேண்டும்.

புதியது நன்றாகவே இருக்கிறது. ஸ்வீடனில் நடந்த மாசாய் ஆய்வில் 80,033 பெண்களின் முதற்கட்ட முடிவு 2023-ல் வந்தது. வழக்கமாக ஒவ்வொரு மேமோகிராமையும் இரண்டு மருத்துவர்கள் படிப்பார்கள். இந்த ஆய்வில் ஏஐ ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 10 வரை ஆபத்து மதிப்பெண் கொடுத்தது. 1 முதல் 9 வரை வந்தவற்றை ஒருவர் படித்தார், 10 வந்தவற்றை இருவர் படித்தார்கள். ஆயிரம் பேருக்கு 5.1 என்றிருந்த புற்றுநோய் கண்டறிதல் 6.1 ஆனது. பொய்யாகப் பயமுறுத்தப்பட்டவர்களின் விகிதம் இரு பக்கமும் 1.5 சதவீதம்தான். படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது வேலை பிரிக்கப்பட்ட விதம். யாருடைய படத்துக்கு இரண்டு ஜோடிக் கண்கள் தேவை என்பதை முடிவு செய்யும் பொறுப்புதான் ஏஐக்குக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு படத்தையும் ஒரு மனிதராவது படித்தார். ஏற்கெனவே ஒருவர் மட்டுமே படிக்கும் துறை இந்த 44 சதவீதத்தைத் தனக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோகும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதையும் அதே 2023-ல் ஒரு ஆய்வு அளந்தது. 27 கதிரியல் மருத்துவர்களிடம் 50 மேமோகிராம்கள் கொடுக்கப்பட்டன. ஏஐ சொன்னதாகக் காட்டிய சில பதில்கள் வேண்டுமென்றே தவறானவை. ஏஐ சரியாகச் சொன்னபோது அனுபவம் குறைந்தவர்கள், நடுத்தரமானவர்கள், மிக அனுபவசாலிகள் ஆகிய மூன்று நிலையினரும் ஏறக்குறைய 80 சதவீதம் சரி. ஏஐ தவறியபோது, அனுபவம் குறைந்தவர்கள் சரியாகச் சொன்னது 20 சதவீதம். மிக அனுபவசாலிகளே 45 சதவீதத்துக்கு இறங்கினார்கள். திரையில் ஒரு பதில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தால் கண் அதன் பின்னால் போய்விடுகிறது.

ஆகவே ஏஐயின் பதில் எப்போது திரையில் தோன்ற வேண்டும் என்பது அலங்காரக் கேள்வியல்ல. படத்தோடு சேர்ந்தே தோன்றினால் வேகம் கூடும், சாய்வும் கூடும். மருத்துவர் தன் முடிவை ஒரு வரியாவது பதிந்த பிறகே ஏஐயின் பதில் திறக்கும்படி வைத்தால், ஒரு படத்துக்குச் சில நொடிகள் கூடும், ஆனால் இரண்டு கண்களும் உண்மையிலேயே தனித்தனியாகப் பார்த்திருக்கும். மார்பு எக்ஸ்ரே, தலை சிடி, எலும்பு முறிவு போன்றவற்றுக்கு, முக்கியமாகப் பயிற்சி மருத்துவர்கள் இரவில் படிக்கும் இடங்களில், இரண்டாவது முறையையே பரிந்துரைக்கிறோம். உடனடியாகத் தோன்றுவது பொருந்தும் வேலைகளும் உண்டு: மார்பு சிடியில் சிறு கட்டிகளைத் தேடி அளப்பது, விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது, குழந்தைகளின் எலும்பு வயதைக் கணிப்பது. இவற்றில் சோர்வு தருவது தேடலும் எண்ணிக்கையும். அந்தப் பாரத்தை ஏஐ சுமந்தால் கேடில்லை.

மார்பு எக்ஸ்ரேயில் பொய்க் குறி விழும் இடங்களை டெக்னீஷியனும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நுரையீரலின் உச்சியில் விழும் சடையின் நிழல், கட்டி போலத் தெரியும் மார்புக்காம்பு, நியூமோதோராக்ஸின் (நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்குவது) கோடு போலவே ஓடும் தோல் மடிப்பு, தோள்பட்டை எலும்பின் விளிம்பு. சடையைத் தூக்கி முடிந்துவிடச் சொல்வதும், படுத்த நிலையில் எடுக்கும்போது முதுகுத் தோலை இழுத்துவிட்டு எக்ஸ்ரே தட்டை வைப்பதும் எந்த மென்பொருள் மேம்படுத்தலையும்விட அதிகப் பொய் மணிகளை நிறுத்தும்.

மருத்துவர் இல்லாத முடிவு

இதில் இரண்டு வேறுபட்ட நிலைமைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். படிக்க ஆளே இல்லாத இடம் ஒன்று. ஆள் இருந்தும் நேரம் இல்லாத இடம் இன்னொன்று.

ஆளே இல்லாத இடத்தில் நியாயம் வலுவானது. காசநோய் கண்டறிதலில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மார்பு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதிலாகக் கணினி படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. அங்கே மென்பொருள் சொல்வது இறுதி முடிவல்ல, சளிப் பரிசோதனைக்கு யாரை அனுப்புவது என்பதுதான். தவறாக அனுப்பினால் ஒரு பரிசோதனை வீண். அனுப்பாமல் விட்டால்தான் இழப்பு. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் வந்தால் அனுப்புவது என்ற வெட்டுப்புள்ளியை எங்கே வைப்பது என்பதை அந்தந்த இடத்தின் படங்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே காசநோய் வந்து ஆறியவர்களின் வடுக்கள் அதிகம் உள்ள பகுதியில், வேறு ஊரில் சரியாக வேலை செய்த அதே வெட்டுப்புள்ளி பொய்களைக் கொட்டும். மென்பொருளின் பதிப்பு மாறினால் பழைய 50 மதிப்பெண்ணும் புதிய 50 மதிப்பெண்ணும் ஒன்றல்ல. வெட்டுப்புள்ளியை மறுபடி கணக்கிட வேண்டும்.

நீரிழிவு நோயாளிகளின் விழித்திரைப் படத்தை மருத்துவர் இல்லாமல் படித்து முடிவு சொல்லும் கருவிக்கு எஃப்டிஏ 2018 ஏப்ரலில் அனுமதி தந்தது. 900 பேரிடம் நடந்த சோதனையில் அது நோய் உள்ளவர்களில் 87 சதவீதத்தைப் பிடித்தது, இல்லாதவர்களில் 91 சதவீதத்தைச் சரியாக விட்டது. ஆனால் கருவி நல்லது என்பதும் இடம் தயாராக இருக்கிறது என்பதும் வேறு. தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் கூகுளின் விழித்திரை ஏஐ பயன்படுத்தப்பட்டபோது, ஐந்தில் ஒரு படத்துக்கும் சற்று அதிகமானவற்றை அது தரம் போதாது என்று திருப்பி அனுப்பியதாக 2020-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அறையில் வெளிச்சம் அதிகம், கண்ணின் பாவை விரியவில்லை, இணையம் மெதுவாக இருந்தது. படம் திரும்பிய ஒவ்வொருவரையும் வேறொரு நாள் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியிருந்தது. தானாக முடிவு சொல்லும் எந்த மென்பொருளிடமும் முதலில் கேட்க வேண்டிய எண் இதுதான்: எங்கள் படங்களில் எத்தனை சதவீதத்தைப் படிக்க மறுக்கும்? மறுக்கப்பட்டவர் அன்றே எங்கே போவார்?

ஆள் இருந்தும் நேரமில்லாத மருத்துவமனைகளில், இயல்பான மார்பு எக்ஸ்ரேக்களை மட்டும் தானாக அடையாளம் கண்டு ரிப்போர்ட் முடிக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. ஐரோப்பாவில் 2022-ல் அப்படி ஒன்றுக்குச் சான்றிதழ் கிடைத்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பத்துப் பதினைந்து நோய்களைத் தேடப் பயிற்சி பெற்ற மென்பொருள் எதுவும் இல்லை என்று சொன்னால், அந்தப் பத்துப் பதினைந்தும் இல்லை என்றுதான் பொருள். இயல்பு என்று பொருளல்ல. தோள்பட்டை எலும்பில் அரிப்பு, உதரவிதானத்துக்குக் கீழே காற்று, இடம் மாறி நிற்கும் குழாய் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். இயல்பைத் தனியே சான்றளிக்கவென்றே பரிசோதிக்கப்பட்டதா என்று எழுத்தில் வாங்காமல் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

ஸ்கேனருக்குள் வேலை செய்யும் ஏஐ

பேச்சில் அதிகம் அடிபடாதது இது. ஆனால் பல துறைகளுக்கு இதுதான் முதல் முதலீடாக இருக்க வேண்டும். நோயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இரைச்சல் (புள்ளி புள்ளியான மங்கல்) மிகுந்த படத்தைத் தெளிவாக்கித் தருகிறது. சிடியில் கதிர்வீச்சைப் பாதியாகக் குறைத்தால் படத்தின் இரைச்சல் சுமார் 41 சதவீதம் கூடும். அந்தக் கூடுதலை மென்பொருள் அடக்கிவிட்டால் குறைந்த கதிர்வீச்சிலேயே பார்க்கத் தகுந்த படம் கிடைக்கும். அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது நேரடி நன்மை.

எம்ஆர்ஐயில் நேரம் குறைகிறது. இதிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முழங்கால் எம்ஆர்ஐக்கு 14 நிமிடம் ஸ்கேன், 6 நிமிடம் நோயாளியை ஏற்றி இறக்க, ஆக 20 நிமிடம். 10 மணி நேரத்தில் 30 பேர். ஸ்கேன் நேரம் பாதியாகி 7 நிமிடம் ஆனால், ஏற்றி இறக்கும் 6 நிமிடம் அப்படியே இருக்கும். 13 நிமிடத்துக்கு ஒருவர், 46 பேர். இருமடங்கு என்று சொல்லி விற்பதை நம்பி முன்பதிவு கொடுத்தால் மாலையில் காத்திருப்பு அறை நிரம்பி வழியும். உடை மாற்ற இன்னொரு அறையும், முழங்காலைச் சுற்றிப் பொருத்தும் எம்ஆர்ஐ காயிலை (coil) முன்பே பொருத்தி வைக்க இன்னொரு ட்ராலியும் சேர்ந்தால்தான் வேகம் முழுமையாகக் கைக்கு வரும்.

மிருதுவாக்குவதில் ஆபத்தும் உண்டு. கல்லீரலில் சுற்றியுள்ள திசுவைவிடச் சற்றே மங்கிய சிறு கட்டியை இரைச்சலோடு சேர்த்துத் துடைத்துவிடலாம். படம் அழகாகவே இருக்கும், அதனால் சந்தேகமும் வராது. முதல் சில மாதங்களுக்கு வழக்கமான முறையில் உருவாக்கிய படத்தையும் பேக்ஸில் பக்கத்திலேயே சேமியுங்கள். கதிர்வீச்சை ஒரேயடியாகக் குறைக்காமல் 20 சதவீதம், 30 சதவீதம் என்று படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் குறைந்த வேறுபாடுள்ள வட்டங்கள் கொண்ட ஃபான்டமை (சோதனைக்கான மாதிரிப் பொருள்) ஸ்கேன் செய்து, எந்த அளவு வரை வட்டம் தெரிகிறது என்று குறித்து வையுங்கள்.

மாட்டும்போது அறுந்துபோகும் இடங்கள்

ஏஐ வேலை செய்யவில்லை என்ற புகார்களில் நிறையப் பேருக்கு உண்மையில் படமே போய்ச் சேர்ந்திருக்காது. ஒரு காட்சி: மருத்துவப் படங்களுக்கான பொது வடிவமான டைகாமில் வரும் படங்களை ஏஐக்கு அனுப்பும் ரவுட்டரில், சீரிஸின் (ஒரு ஸ்கேனில் உருவான படத் தொகுப்பு) பெயரில் தலை என்ற சொல் இருந்தால் அனுப்பு என்று விதி எழுதியிருப்பார்கள். ஒரு நாள் ஸ்கேனரின் ப்ரோட்டோகாலைச் சீரமைக்கும்போது டெக்னீஷியன் அதை மூளை என்று மாற்றுவார். அந்த நொடியிலிருந்து ஒரு கேஸும் ஏஐக்குப் போகாது. பிழைச் செய்தி வராது, சிவப்பு விளக்கு எரியாது. மணி அடிக்காததைப் பார்த்து, இன்று கசிவு கேஸ் இல்லை போலிருக்கிறது என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

பெயரை நம்பி விதி எழுதக் கூடாது. உடற்பகுதி, ஸ்லைஸ் தடிமன், கெர்னல் (படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் அமைப்பு), கான்ட்ராஸ்ட் கொடுத்ததா இல்லையா என்ற டைகாம் டேகுகளை வைத்து எழுதுங்கள். எலும்புக்கான கூர்மையான கெர்னலில் உருவான 5 மில்லிமீட்டர் சீரிஸ் போனால், மூளைத் திசுவுக்கான மென்மையான மெல்லிய சீரிஸில் பயிற்சி பெற்ற மென்பொருள் தடுமாறும். எக்ஸ்ரேயில் கறுப்பு வெள்ளை தலைகீழான படம், பக்கவாட்டுப் படம், வார்டில் எடுத்த போர்ட்டபிள் படம் ஒவ்வொன்றையும் மென்பொருள் எப்படிக் கையாள்கிறது என்று தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள்.

சர்வர் வளாகத்துக்குள்ளா, கிளவுடிலா என்பதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. தலை சிடியின் ஒரு மெல்லிய ஸ்லைஸ் அரை மெகாபைட். 300 ஸ்லைஸ் என்றால் 150 மெகாபைட். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் ஒரு நிமிடம் ஆகும். இது தாங்கக்கூடியது. இணைப்பு அடிக்கடி அறுபட்டால், அல்லது நோயாளியின் பெயரை நீக்கி அனுப்பும் ஏற்பாடு நம்பகமாக இல்லையென்றால் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் டைகாம் ஹெடரில் மட்டும் இருப்பதில்லை. அல்ட்ராசவுண்ட் படங்களில் படத்தின் மேலேயே அச்சாகியிருக்கும்.

ஏஐ வண்ணம் பூசிய படம் பேக்ஸில் நிரந்தரமாகச் சேருமா, நோயாளிக்குக் கொடுக்கும் குறுந்தட்டில் அது போகுமா என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். மருத்துவர் நிராகரித்த சிவப்புக் குறி நோயாளி கைக்குப் போனால் வீண் பயம். ஏஐ சொன்னதை ஏற்காதபோது ரிப்போர்ட்டில் காரணத்தோடு ஒரு வரி போதும்: குறித்த இடம் பார்க்கப்பட்டது, கால்சியம் படிவு.

சோதித்துப் பார்ப்பது

பிறருடைய ஆய்வு எண்ணை உங்கள் எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு 2018-ல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. அமெரிக்காவின் வெவ்வேறு மருத்துவ அமைப்புகளிலிருந்து திரட்டிய 1.58 லட்சம் மார்பு எக்ஸ்ரேக்களில் நிமோனியாவைக் கண்டறியப் பயிற்சி பெற்ற நிரல், படம் எந்த மருத்துவமனையினுடையது என்பதையே ஏறக்குறைய பிழையின்றிக் கண்டுபிடித்தது. நிமோனியா அதிகமாக வரும் மருத்துவமனையின் படம் என்று தெரிந்தால் நிமோனியா என்று சொல்வது எளிது அல்லவா? நியூமோதோராக்ஸிலும் இதேபோல. பயிற்சிப் படங்களில் பலருக்கு ஏற்கெனவே மார்பில் குழாய் செருகியிருந்தது. நிரல் குழாயையே நோயாகப் படித்துக்கொண்டது. சிகிச்சை முடிந்தவரைப் பிடித்து, குழாய் இல்லாத, உடனடி உதவி தேவைப்படுபவரை விட்டுவிடும் அளவுக்கு அது தலைகீழாகப் போகக்கூடியது. உங்கள் சோதனைத் தொகுப்பில் குழாய் இல்லாத கேஸ்களைத் தனியே எண்ணுங்கள்.

எத்தனை கேஸ் வேண்டும்? நோய் உள்ளவர்கள் 30 பேரில் 27 பேரைப் பிடித்தால் 90 சதவீதம்தான். ஆனால் உண்மையான திறன் 74-லிருந்து 97 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 100 பேரில் 90 பேரைப் பிடித்தால் அந்த இடைவெளி 83 முதல் 94 வரை சுருங்கும். நோய் உள்ளவர்கள் குறைந்தது 100, நோய் இல்லாதவர்கள் தொடர்ச்சியாக வந்த சில நூறு என்று வையுங்கள். விற்பனையாளரிடம் தொகுப்பைக் கொடுக்காமல் உங்கள் கணினியிலேயே ஓட்டுங்கள். எது சரி என்பதை ஏஐயின் பதிலைப் பார்க்காத இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் முரண்பட்டால் மூன்றாமவர்.

அது தேறினால் ஆறு முதல் எட்டு வாரம் நிழல் ஓட்டம்: ஏஐ உண்மையான கேஸ்களில் ஓடும், பதில் யாருக்கும் தெரியாது, வாரம் ஒருமுறை ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவீர்கள். இந்தக் காலத்தில்தான் பெயர் மாறிய ப்ரோட்டோகால், நள்ளிரவில் நிற்கும் சர்வர், ஒரு குறிப்பிட்ட ஸ்கேனரின் படங்களில் மட்டும் கூடும் பொய் மணி எல்லாம் வெளியே வரும். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளை விட்டுக்கொடுக்காதீர்கள்: புதிய பதிப்பு 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஏறாது, உங்கள் பூட்டிய சோதனைத் தொகுப்பில் தேறாத பதிப்பை மறுக்கலாம், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இருக்கும்.

எங்களிடம் தேர்வைக் கேட்டால்: அவசரப் பிரிவும் நீண்ட இரவு வரிசையும் உள்ள மருத்துவமனை கால வரம்போடு வரிசைப்படுத்தும் ஏஐயில் தொடங்கலாம். மேமோகிராமை இருவர் படிக்கும் திட்டம் நடத்துபவர்களுக்கு இப்போது சான்று மிக வலுவாக இருப்பது இரண்டாவது கண்ணுக்குத்தான். முன்பதிவு வாரக்கணக்கில் நீளும் எம்ஆர்ஐ மையத்துக்கு ஸ்கேனருக்குள் வேலை செய்யும் மென்பொருள். படிக்க ஆளே இல்லாத காசநோய் முகாமுக்குத் தானியங்கி. ஆள் உள்ள மருத்துவமனைக்கு முழுத் தானியங்கியை இன்று பரிந்துரைக்க மாட்டோம்.

எதைத் தேர்ந்தாலும், காலை ஷிஃப்ட் தொடங்கியதும் டெக்னீஷியன் செய்ய ஒரு இரண்டு நிமிட வேலை இருக்கிறது. கசிவு இருப்பது உறுதியான, பெயர் நீக்கிய ஒரு பழைய தலை சிடியைச் சோதனை நோயாளி என்ற எண்ணில், ஸ்கேனரிலிருந்தே அனுப்ப வேண்டும். பத்து நிமிடத்துக்குள் மணி அடித்தால் நேரத்தை நோட்டில் குறித்துக் கையெழுத்து. அடிக்காவிட்டால் அன்றைய வரிசை பழையபடி வந்த நேரத்தின்படி ஓடும் என்று கதிரியல் மருத்துவரிடம் உடனே சொல்லிவிட்டு, ரவுட்டரிலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.